கயிற்றில் தொங்கிய பன்னிரண்டு பேர்

ஊரடங்கு நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மதியச் சாப்பாட்டுக்கும் இரண்டரை மணி மீட்டிங்குக்கும் நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு பழைய காவியத்தைப் படிப்பது. அப்படித்தான் எமிலி வில்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஒடிசி'யை முழுசாகப் படித்தேன். கதை ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பு வேறு. ஏழாம் வகுப்பில் படித்த சிறுவர் பதிப்பு அப்படியே மனதில் இருந்தது. ஒற்றைக்கண் அரக்கன், மனிதர்களைப் பன்றிகளாக்கும் சர்சி, பாடியே ஆளைக் கொல்லும் சைரன்கள். பத்து வருடம் போர், பத்து வருடம் அலைச்சல். கடைசியில் ஒடிஸியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த வீட்டுக்குள் நுழைகிறான். மனைவி பெனெலோப்பியை மணக்கக் கேட்டு வந்து, வருடக்கணக்காக அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் 108 பேரை மகன் டெலிமாக்கஸோடு சேர்ந்து கொன்று தீர்க்கிறான். கணவனும் மனைவியும் சேர்கிறார்கள். சுபம்.

சிறுவர் பதிப்பில் இல்லாத ஓர் இடம் 22ஆம் காண்டத்தின் கடைசியில் வருகிறது.

கொலையெல்லாம் முடிந்த பிறகு ஒடிஸியஸ் தன்னை வளர்த்த செவிலி யூரிக்ளியாவைக் கூப்பிட்டு, இந்த வீட்டுப் பெண்களில் யார் யார் துரோகம் செய்தவர்கள் என்று கேட்கிறான். அவள் கணக்குச் சொல்கிறாள். வீட்டில் வேலை செய்யும் பெண்கள் ஐம்பது பேர், அதில் பன்னிரண்டு பேர் வழி தவறியவர்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் அழுதுகொண்டே வருகிறார்கள். முதலில் அவர்களுக்கு ஒரு வேலை தரப்படுகிறது. பிணங்களைத் தூக்கி வெளியே போட வேண்டும். மேசை நாற்காலிகளில் இருக்கும் ரத்தத்தைத் தண்ணீரும் கடற்பஞ்சும் வைத்துக் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும், முற்றத்துச் சுவருக்கும் வட்டமான ஒரு கட்டடத்துக்கும் நடுவில் தப்பிக்க வழியில்லாத ஒரு சந்தில் அவர்களை அடைக்கிறார்கள். வாளால் வெட்டிவிடு என்றுதான் ஒடிஸியஸ் சொல்லியிருந்தான். மகனுக்கு அது போதவில்லை. சுத்தமான சாவு இவர்களுக்கு எதற்கு என்று ஒரு கப்பல் வடத்தை எடுத்துக் கட்டி, வரிசையாகத் தூக்கில் போடுகிறான். வலையில் சிக்கிய பறவைகளோடு ஹோமர் அவர்களை ஒப்பிடுகிறார். கால்கள் துடித்ததையும் சொல்கிறார், அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை என்பதையும் சொல்கிறார்.

அடுத்து ஆட்டுக்காரன் ஒருவனின் மூக்கையும் காதையும் அறுக்கிறார்கள். கை கால் கழுவிக்கொள்கிறார்கள். வீட்டைச் சுத்தம் செய்யக் கந்தகப் புகை போடுகிறார்கள். காவியம் அடுத்த காண்டத்துக்கு நகர்ந்துவிடுகிறது. 12,000 வரிகளுக்கு மேல் உள்ள நூலில் அந்தத் தூக்குக்குப் பத்து வரி, அவ்வளவுதான்.

மீட்டிங் ஆரம்பித்திருந்தது. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கைவிட, பிணத்தைத் தூக்கச் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொல்லப்போகிறவர்களிடம் கடைசியாக ஒரு வேலையையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

*

சரி, அந்தப் பெண்கள் செய்த குற்றம்தான் என்ன? மணம் கேட்டு வந்தவர்களோடு படுத்தார்கள், எஜமானியை மதிக்கவில்லை என்பது யூரிக்ளியாவும் டெலிமாக்கஸும் சொல்லும் குற்றச்சாட்டு. ஆனால் அதே 22ஆம் காண்டத்தின் தொடக்கத்தில், வில்லைக் கையில் வைத்துக்கொண்டு தான் யார் என்று ஒடிஸியஸ் வெளிப்படுத்தும்போது, எதிரிகள் செய்த குற்றங்களைப் பட்டியல் போடுகிறான். என் சொத்தைத் தின்றீர்கள், நான் உயிரோடிருக்கும்போதே என் மனைவியைக் கேட்டீர்கள், என் வீட்டுப் பெண்களோடு பலாத்காரமாகப் படுத்தீர்கள். பலாத்காரம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அங்கே தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்பும், அந்தப் பெண்களை வீட்டுக்குள் இழுத்து அலைக்கழிப்பது பற்றிப் பேச்சு வருகிறது. அதாவது, எதிரிகள் மேல் குற்றம் சாட்டும்போது அது பலாத்காரம். பெண்களைத் தண்டிக்கும்போது அதுவே துரோகம். நானூறு வரிக்குள் இது மாறிவிடுகிறது.

காவியத்துக்குள் இதில் முரண்பாடே இல்லை என்பது கொஞ்சம் யோசித்தால் புரியும். அந்தப் பெண்கள் ஒடிஸியஸின் உடைமை. உடைமையை அடுத்தவன் தொட்டால் அடுத்தவனும் குற்றவாளி, தொடப்பட்டதும் கெட்டுப்போனது. யூரிக்ளியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிஸியஸின் அப்பா லேர்ட்டீஸ் அவளை இளம்பெண்ணாக இருந்தபோது இருபது மாடுகள் விலை கொடுத்து வாங்கினார் என்று முதல் காண்டமே சொல்கிறது. மனைவியின் கோபத்துக்குப் பயந்து அவளைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தொடாமல் இருந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வழக்கம் எது என்று தெரிந்துவிடுகிறது. இருபது மாடு என்பது நல்ல விலை. 'இலியட்'டில் பட்ரோக்ளஸின் ஈமச்சடங்குப் போட்டிகளில், மல்யுத்தத்தில் ஜெயித்தவனுக்குப் பன்னிரண்டு மாடு பெறுமானமுள்ள ஒரு முக்காலிப் பாத்திரம். தோற்றவனுக்குக் கைவேலை தெரிந்த ஒரு பெண். அவள் மதிப்பு நான்கு மாடு.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் 'பன்னிரண்டு பணிப்பெண்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். தமிழில் நமக்குக் கைவரும் சொல் அதுதான். பணிப்பெண், சேடி, தோழி. புராண சினிமாவில் தட்டேந்தி நிற்கும், சம்பளம் வாங்கும் யாரோ ஒருத்தி ஞாபகத்துக்கு வருகிறாள். கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் அடிமைப் பெண். ஆங்கிலத்திலும் இதே கதைதான். பல மொழிபெயர்ப்பாளர்கள் வேலைக்காரி என்று பூசி மெழுகினார்கள். ஆனால் டெலிமாக்கஸ் தூக்கில் போடும் முன் பேசும் இடத்தில் மட்டும் சில நவீன மொழிபெயர்ப்புகளில் வேசி என்ற பொருளுள்ள வசைச்சொற்கள் முளைக்கின்றன. மூலத்தில் அங்கே இருப்பது 'அவர்கள்' என்பதற்கு நிகரான ஒரு பெண்பால் சொல், அவ்வளவுதான். 2017இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பில் எமிலி வில்சன் செய்தது ரொம்ப எளிமையான காரியம். அடிமை என்று இருக்கும் இடத்தில் அடிமை என்று எழுதினார். வசை இல்லாத இடத்தில் வசையைச் சேர்க்கவில்லை. ஆங்கிலத்தில் ஒடிசியை முழுசாக மொழிபெயர்த்து வெளியிட்ட முதல் பெண் அவர்.

பன்னிரண்டு பேரில் யாருக்காவது பெயர் இருக்கிறதா என்று தேடினேன். தூக்குப் போடும் இடத்தில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் முந்தைய காண்டங்களில் மெலாந்தோ என்று ஒருத்தி வருகிறாள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெனெலோப்பி அவளைத் தன் மகள் மாதிரி வளர்த்தாள், விளையாட்டுச் சாமான்கள் கொடுத்தாள். வளர்ந்த பிறகு அவள் எதிரிகளில் ஒருவனான யூரிமாக்கஸோடு சேர்ந்துவிட்டாள். பிச்சைக்காரன் வேடத்தில் வந்த ஒடிஸியஸை இரண்டு முறை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். துடுக்குக்காரி. கயிற்றில் தொங்கியவர்களில் அவளும் ஒருத்தி என்று நாம் ஊகிக்கிறோம்.

மெலாந்தோவின் அப்பா பெயர் டோலியஸ். கடைசிக் காண்டத்தில் டோலியஸ் என்ற கிழவர் ஒருவர் ஆறு மகன்களோடு வயலிலிருந்து வருகிறார். ஒடிஸியஸைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து முத்தமிடுகிறார். அவனுக்காக ஆயுதம் எடுத்துச் சண்டைக்கும் நிற்கிறார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு டோலியஸும் ஒரே ஆள்தானா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஒரே ஆள் என்றால், மகளைத் தூக்கில் போட்டவன் கையை அவர் முத்தமிடுகிறார். வேறு வேறு ஆள் என்றால், அடிமைகளின் பெயர் குழம்பினால்கூட யாருக்கும் நஷ்டமில்லை என்றாகிறது. எனக்கு இரண்டுமே தாங்கவில்லை.

*

இந்தக் கதைகளைப் பெண்கள் பக்கமிருந்து திருப்பிச் சொல்வது இப்போது ஒரு பெரிய அலை. ஏர்போர்ட் புத்தகக் கடைகளில் தனி அடுக்கே இருக்கிறது. மேடலின் மில்லரின் 'சர்சி'யும், பிரிசெயிஸ் பேசும் பாட் பார்க்கரின் நாவலும் 2018இல் வந்தன. அதற்குப் பத்து வருடம் முன்பே உர்சுலா லெ குவின், வர்ஜிலின் காவியத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத லவீனியாவைப் பேச வைத்தார். 1983இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து கிறிஸ்டா வூல்ஃப், தணிக்கையின் நிழலில் உட்கார்ந்துகொண்டு 'கசாண்ட்ரா'வை எழுதினார். உண்மையைச் சொல்லியும் யாராலும் நம்பப்படாத ஒரு பெண்ணின் கதையை அந்த நாட்டில் எழுதினால் வாசகர்கள் எதைப் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நமக்கும் இது புதிதில்லை. 1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிப்போகிறாள்.

இதெல்லாம் நவீனகால வேலை, பெண்ணியத்தின் திணிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தேதியை மட்டும் சொல்லலாம். கி.மு. 416இல் ஏதென்ஸ், தன் பக்கம் சேர மறுத்த மீலோஸ் என்ற சின்னத் தீவை முற்றுகையிட்டது. அது சரணடைந்ததும் வயதுவந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த வருடம், கி.மு. 415இல், அதே ஏதென்ஸின் நாடக விழாவில் யூரிப்பிடிஸ் 'ட்ராய் நகரத்துப் பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார். போர் முடிந்துவிட்டது, ஆண்கள் செத்துவிட்டார்கள், எந்தப் பெண் எந்தத் தளபதிக்கு என்று பங்கு பிரிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் மீலோஸுக்குப் போய் வந்த சிப்பாய்களும் இருந்திருப்பார்கள். நாடகத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ரோமில் ஓவிட், காவியப் பெண்கள் தங்கள் ஆண்களுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலே எழுதினார். அதில் மூன்றாவது கடிதம் பிரிசெயிஸ் அக்கிலிஸுக்கு எழுதுவது.

அதாவது, திருப்பிச் சொல்லும் வேலை 2,400 வருடத்துக்கும் மேல் பழையது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பேச வைக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். ராணி, இளவரசி, தேவதை. பிரிசெயிஸ்கூட அடிமையாகும் முன் நல்ல குடும்பத்துப் பெண். யூரிப்பிடிஸின் நாடகத்தில் ஹெக்குபாவுக்கும் ஆண்ட்ரமக்கேவுக்கும் பெயர் இருக்கிறது. மற்ற பெண்களெல்லாம் சேர்ந்து கோரஸ். 2005இல் மார்கரெட் ஆட்வுட் 'பெனெலோப்பியாட்' எழுதியபோது, தூக்கில் தொங்கிய பன்னிரண்டு பேரும் தன்னை விடாமல் துரத்தியதால்தான் எழுதினேன் என்ற அளவுக்கு அவர்களை நடுவில் கொண்டுவந்தார். அந்த நாவலிலும் நீண்ட நேரம் பேசுவது பெனெலோப்பி. பன்னிரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆட்வுட் அதைத் தெரிந்தேதான் செய்தார், கிரேக்க நாடகத்தின் கோரஸைத் திருப்பிப் போட்டுக் காட்டினார் என்பது புரிகிறது. ஆனாலும் புத்தகத்தை மூடும்போது ஒரு கேள்வி மிச்சமிருந்தது. ஒருத்திக்கு ஒரு குரல் என்று கொடுக்க நம்மிடம் என்னதான் இருக்கிறது? அவர்களைப் பற்றி உண்மையில் ஏதாவது தெரியுமா?

*

இந்தக் கேள்விக்கு இலக்கியத்தில் விடை தேடிக்கொண்டிருந்த எனக்கு அது கிடைத்த இடம் ஒரு கணக்குப் பலகை.

கிரேக்கத்தின் தென்மேற்கு மூலையில் பைலோஸ். அப்பாவைப் பற்றி விசாரிக்க டெலிமாக்கஸ் முதலில் போய் இறங்கும் ஊர். அங்கே 1939இல் கார்ல் பிளெகன் தோண்டியபோது ஓர் அரண்மனையும் நூற்றுக்கணக்கான களிமண் பலகைகளும் கிடைத்தன. ஏறத்தாழ கி.மு. 1200இல் அந்த அரண்மனை எரிந்துபோனது. சுடாத களிமண்ணில் எழுதி, தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டிய தற்காலிகக் குறிப்புகள் அவை. தீயில் வெந்து கல்லாகிவிட்டதால் தப்பித்தன. யாரோ ஒருவர் டெலீட் பண்ண மறந்த தற்காலிக ஃபைல்கள் 3,200 வருடம் கழித்து நம் கைக்கு வந்தது போல.

அதிலிருந்த எழுத்துக்கு லீனியர் பி என்று பெயர். அதை 1952இல் படித்துக் காட்டியவர் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர். அவர் பெயர் எல்லா இடத்திலும் இருக்கும். அதற்கு அஸ்திவாரம் போட்டவர் நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலிஸ் கோபர். கம்ப்யூட்டர் இல்லாத காலம், போர்க்காலத்தில் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. பழைய வாழ்த்து அட்டை, சுற்றறிக்கை, கவர் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி, ஒவ்வொரு குறியும் எங்கெங்கே எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று ஏறத்தாழ 1,80,000 துண்டுகளில் எழுதி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். அந்த மொழியில் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்று மாறுகின்றன என்று நிறுவியவர் அவர். டேட்டாபேஸில் இன்டெக்ஸ் போடும் வேலையை தினமும் செய்கிறவன் என்ற முறையில் அந்த சிகரெட் பெட்டிகளை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். 1950இல், 43 வயதில், எழுத்து படிக்கப்படுவதைப் பார்க்காமலே இறந்துபோனார்.

படித்துப் பார்த்தபோது அதில் காவியம் இல்லை, பாட்டு இல்லை. எல்லாம் கணக்கு. ஆடு, கம்பளி, எண்ணெய், தேர்ச்சக்கரம், பெண்கள். ஒரு பலகை இப்படிப் போகிறது: பைலோஸ். க்னிடோஸ் பெண்கள் 20. சிறுமிகள் 10. சிறுவர்கள் 10. தானியம் 6 பெரிய அளவை, 7 சின்ன அளவை. அத்திப்பழம் அதே அளவு. கூடவே மேற்பார்வையாளர்களைக் குறிக்கும் இரண்டு சுருக்கெழுத்துகள்.

அந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பத்துச் சின்ன அளவை சேர்ந்தால் ஒரு பெரிய அளவை. ஒரு பெண்ணுக்கு 2, ஒரு பிள்ளைக்கு 1. இருபது பெண்களுக்கு 40, இருபது பிள்ளைகளுக்கு 20. மேற்பார்வையாளர்கள் இருவருக்கு 5ம் 2ம். மொத்தம் 67. அதாவது 6 பெரிய அளவை, 7 சின்ன அளவை. கணக்கு அப்படியே டேலி ஆகிறது. ஒரு பெண்ணுக்கு மாதம் ஏறத்தாழ 20 லிட்டர் தானியம் வரும் என்று மதிப்பிடுகிறார்கள்.

இது போன்ற பலகைகளில் மொத்தம் ஏறத்தாழ 750 பெண்களும், கிட்டத்தட்ட அதே அளவு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நூல் நூற்பவர்கள், குளிக்க நீர் ஊற்றுபவர்கள், மாவரைப்பவர்கள் என்று தொழிலால் சிலர். மிலேட்டஸ் பெண்கள், லெம்னோஸ் பெண்கள் என்று கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெயரால் சிலர். ஒரு கூட்டத்துக்கு 'பிடித்து வரப்பட்டவர்கள்' என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. பெண்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், கணவர்கள் இல்லை. அவர்கள் எல்லோரும் முழு அடிமைகள்தானா என்பதில் ஆய்வாளர்கள் முழுசாக ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. இந்த ரேஷன் பட்டியலில் ஒரு பெண்ணுக்கும் பெயர் கிடையாது. அரண்மனைக்குப் பெண் பெயரை எழுதத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அதே பைலோஸில் எரித்தா என்ற பூசாரிப் பெண்ணுக்கு ஊராரோடு ஒரு நிலத்தகராறு இருந்தது. அவள் பெயர் பலகையில் இருக்கிறது. நிலம் இருந்தவளுக்குப் பெயரும் இருந்தது.

ஹோமரின் காவியங்கள் இந்தப் பலகைகளுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. பைலோஸ் அரண்மனையை அவர் அப்படியே வர்ணிக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இலியட்டில் அக்கிலிஸைச் சமாதானப்படுத்த அகமெம்னான் தருவதாகச் சொல்லும் பரிசுப் பட்டியலைப் படிக்கும்போது அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது. முக்காலிப் பாத்திரம் 7, கொப்பரை 20, குதிரை 12, கைவேலை தெரிந்த லெஸ்போஸ் பெண்கள் 7. ஊர்ப்பெயர், தொழில், எண்ணிக்கை. ஒரே வடிவம்.

*

அப்பா இறந்த பிறகு, ஊர் வீட்டை விற்பதற்கு முன் பரணிலிருந்த பொருட்களை எடுக்கப் போயிருந்தேன். தாத்தாவின் கணக்கு நோட்டுகள் பதினோரு எண்ணம் கிடைத்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, குடும்ப மரம் ஒன்று தயாரித்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஆறு தலைமுறை, 140க்கும் மேல் பெயர்கள். எல்லோரும் கைதட்டல் எமோஜி போட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

பைலோஸ் பலகையைப் படித்த அன்று ராத்திரி அந்த ஸ்கேன்களை மறுபடி திறந்தேன். 1961ஆம் வருட நோட்டு. வாரத்துக்கு ஒரு முறையாவது இந்த வரி வருகிறது: நெல் குத்துனவளுக்கு 2 படி. பொங்கல் சமயத்தில்: குத்துக்காரிக்கு சேலை 1. நான்கு நோட்டுகளில் இப்படியே போகிறது. பிறகு ஊருக்கு ரைஸ் மில் வந்திருக்க வேண்டும், வரி நின்றுவிடுகிறது. அதே நோட்டில் மாடுகளுக்குப் பெயர் இருக்கிறது. மயிலை, செவலை. அவளுக்கு இல்லை.

அத்தைக்கு போன் பண்ணினேன். அத்தைக்கு எண்பது வயதாகப் போகிறது, ஞாபகம் கெட்டி.

"அத்த, நம்ம வீட்ல நெல்லு குத்துவாங்களே ஒரு அம்மா, அவங்க பேரு என்ன?"

"யாரு, குத்துக்காரியா? கருப்பா, ஒசரமா இருப்பா. கொல்லப்பக்கமாத்தான் வருவா. பேரு..." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பேரு என்னமோ. நாங்க குத்துக்காரின்னுதான்டா கூப்பிடுவோம். அவ மகனைக் கேட்டாத் தெரியும். அவன் எங்க இருக்கானோ."

நான் செய்த குடும்ப மரத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த டேபிளை வடிவமைத்தது நான்தானே. பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்தவன் நான்தான். பெயர் இல்லாதவர் அதற்குள் நுழையவே முடியாது. அந்த வீட்டில் எல்லோரும் தின்ற சோற்றைக் குத்திக் கொடுத்தவள் பிழைச்செய்தியாகக்கூட வரவில்லை.

*

'குரலற்றவர்களின் குரல்' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தச் சொல்மீது எனக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. குரல் இருந்தது. மெலாந்தோ கத்தினாள். பிரிசெயிஸ் இலியட்டில் ஒரே ஒரு முறை பேசுகிறாள், பதினான்கு வரி. பட்ரோக்ளஸின் பிணத்தின் மேல் விழுந்து, அக்கிலிஸ் தன் கணவனைக் கொன்றதை, மூன்று சகோதரர்கள் ஒரே நாளில் செத்ததைச் சொல்லி அழுகிறாள். சுற்றி இருந்த அடிமைப் பெண்களும் அழுதார்கள், பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் துயரத்துக்காக அழுதாள் என்கிறார் ஹோமர். ஒடிசியின் எட்டாம் காண்டத்தில் ட்ராய் வீழ்ந்த கதையைப் பாடகன் பாடக் கேட்டு ஒடிஸியஸ் அழுகிறான். எப்படி அழுதான் என்பதற்கு ஹோமர் சொல்லும் உவமை, ஊரைக் காக்கப் போராடி விழுந்த கணவனின் உடலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் அழுவது. அவள் முதுகில் எதிரிகள் ஈட்டியால் குத்தி அடிமையாக இழுத்துப் போகிறார்கள். ஒடிஸியஸ் செய்த காரியத்தின் விளைவு, அவனுடைய அழுகைக்கே உவமையாக வந்து நிற்கிறது. திருப்பிச் சொல்ல வந்தவர்கள் யாரும் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மூலத்திலேயே இருந்ததைக் காது கொடுத்துக் கேட்டார்கள். நல்ல மறுகதைகளுக்கும் ஏர்போர்ட் அடுக்குக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இதுதான். முன்னவை முதலில் கேட்கின்றன, பிறகுதான் பேசுகின்றன.

இன்னொரு இடம் இருக்கிறது. படித்தபோது தாண்டிப் போய்விட்டேன், பைலோஸின் மாவரைக்கும் பெண்களைப் பற்றிப் படித்த பிறகுதான் திரும்பி வந்தேன். 20ஆம் காண்டம். கொலை நடக்கப்போகும் நாளின் விடியல். ஒடிஸியஸின் வீட்டில் மாவரைக்கும் கற்கள் பன்னிரண்டு, அரைக்கும் பெண்களும் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் வேலையை முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லோரையும்விட உடம்பில் தெம்பில்லாத ஒருத்தி மட்டும் தன் பங்கை முடிக்க முடியாமல் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமில்லாத வானத்தில் இடி இடிக்கிறது. அவள் கல்லை நிறுத்திவிட்டு கடவுளிடம் கேட்கிறாள். இவர்களுக்கு மாவரைத்து அரைத்து என் முழங்கால் விட்டுப்போனது, இன்றைக்கு இவர்கள் தின்பதே கடைசிச் சாப்பாடாக இருக்கட்டும். ஒளிந்திருந்த ஒடிஸியஸ் அதைக் கேட்டு, நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுகிறான்.

அவள் கேட்டது கிடைத்தது. அவர்கள் செத்தார்கள். ஆனால் அடுத்த நாளும் அந்த வீட்டில் யாரோ சாப்பிட்டிருப்பார்கள், யாரோ மாவரைத்திருப்பார்கள். ஹோமர் அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் பெயர் இல்லை.

அதைப் படித்துவிட்டு அத்தைக்கு இன்னொரு முறை போன் பண்ணினேன். அந்தம்மா நெல் குத்தும்போது ஏதாவது பேசுவார்களா, பாடுவார்களா என்று கேட்டேன்.

"பாடிக்கிட்டேதான் குத்துவா. ஒலக்க சத்தமும் அவ சத்தமும் தெருமொன வரைக்கும் கேக்கும்."

"என்ன பாடுவாங்க அத்த?"

"அத யாருடா நின்னு கேட்டா?" என்றார் அத்தை.

அந்த வாரம் குடும்ப மரத்தின் டேபிளில் பெயர் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டேன். ஒரு புதிய வரி சேர்த்தேன். பெயர்: காலி. தொழில்: நெல் குத்தியவர். ஆதாரம்: 1961 முதல் நான்கு நோட்டுகள். குறிப்பு: உயரமானவர், பாடுவார், ஒரு மகன் உண்டு. குரூப்பில் போட்டேன். இந்த முறை எமோஜி எதுவும் வரவில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும், இது யாரு, எந்த வகையில நமக்குச் சொந்தம் என்று கேட்டிருந்தார். இன்னும் பதில் போடவில்லை. அவருடைய மகன் இருக்கும் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.